மூட மறுத்த புகார்

"பாக்கி இருக்கிறது ஒரே ஒரு புகார், சாருலதா. அந்த அம்மாவை ஒரு வார்த்தை சொல்ல வைக்க முடியலையா?"

உதவி ஆணையர் ஹாலாஸ்யம் எரிச்சலாகக் கேட்டார்.

அந்த வரி அலுவலகத்தின் ஆண்டுச் செயல்பாட்டு அறிக்கை மறுநாள் சென்னைக்குப் போயாக வேண்டும். 'புகார்களுக்குத் தீர்வு: நூறு சதவீதம்' என்று போட்டுவிட்டால் பாராட்டு நிச்சயம்.

அதைக் கெடுத்துக்கொண்டிருந்தவர் ஆனையூர் ஆனிமேரி. பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவர். கம்ப்யூட்டர் கோளாறில் அவருடைய ஜி.எஸ்.டி. நம்பர் ரத்தாகிவிட, புகார் செய்தார். நம்பர் திரும்பக் கிடைத்து ஒரு மாதமாகிறது. ஆனால் புகாரை மூட அவருடைய போனுக்குப் போகும் ஓ.டி.பி.யை மட்டும் சொல்லவே மாட்டேன் என்கிறார்.

"காரியம் ஆனதும் பிகு பண்ணுது சார் அந்தம்மா. நேர்லயே போய் வாங்கிட்டு வந்துடறேன்." புகார்ப் பிரிவு அதிகாரி சாருலதா ஸ்கூட்டியை எடுத்தாள்.

தையல் கடையில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. வாசல் பெஞ்சில் ஓர் ஆணும் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்க மேடம். காபி சாப்பிடுறீகளா?" என்றார் ஆனிமேரி.

"ஓ.டி.பி. சொன்னாப் போதும்மா."

"அது மட்டும் முடியாது."

"உங்க வேலை முடிஞ்சிருச்சு இல்ல?"

"நல்லபடியா முடிச்சுக் குடுத்தீக. இல்லைங்கல."

"அப்புறம் என்ன, நஷ்டஈடா?"

"ஒரு பைசா வேண்டாம்."

சாருலதாவுக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்ப எங்களை அலைய விடுறதுல ஒரு சந்தோஷம். அதானே?"

ஆனிமேரி பெஞ்சைக் காட்டினார்.

"இவரு காளை. கிரில் பட்டறை வச்சிருக்காரு. அது ஒச்சாயி அக்கா, முறுக்குப் போட்டு கடைகளுக்கு அனுப்புறாக. என் நம்பர் போன அதே நாள்லதான் இவுக நம்பரும் போச்சு."

"இவங்ககிட்டருந்து புகாரே வரலையே?"

"ஆபீசுக்கு வந்தேன் மேடம்" என்றார் காளை. "ஆன்லைன்ல போடுன்னு வாசல்லயே திருப்பிட்டாக. எனக்கு அது பழக்கமில்ல. பில்லு போட முடியாம காலேஜ் கேட் ஆர்டர் கைய விட்டுப் போச்சு. பட்டறையப் பூட்டிட்டேன்."

"எனக்கு விஷயம் தெரிஞ்சு இவுகளுக்காக எழுதிப் போடுறதுக்குள்ள கெடு முடிஞ்சிருச்சு. கம்ப்யூட்டர் ஏத்துக்க மாட்டேங்குது" என்ற ஆனிமேரி, சாருலதாவை நேராகப் பார்த்தார். "உங்க ரிப்போர்ட்ல இவுக கிடையவே கிடையாது மேடம். என் புகார் ஒண்ணு நிக்கிறதாலதான் நீங்க ஆனையூர் வரைக்கும் வந்திருக்கீக. அதையும் மூடிட்டா, இந்தப் பக்கம் யாரு எட்டிப் பார்ப்பா?"

சாருலதா பெஞ்சின் பக்கம் திரும்பினாள். ஒச்சாயி எழுந்து நின்று சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார்.

"உட்காருங்கக்கா" என்று அவரைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, சாருலதா ஹாலாஸ்யத்துக்குப் போன் செய்தாள்.

"நூறு போட்டுறலாமாம்மா?" என்றார் அவர் ஆவலாக.

"முடியாது சார். பாக்கி ஒண்ணு இல்ல, மூணு. கெடு தாண்டினாலும் நீங்க நினைச்சா நேர்ல மனு வாங்கலாம். ரெண்டு பேரையும் கையோட கூட்டிட்டு வரேன்."

"ரிப்போர்ட் என்னாகிறது?"

"உள்ளது உள்ளபடி போகட்டும் சார். நானே கையெழுத்துப் போடறேன்."

அந்தப் பக்கம் ரிப்போர்ட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி, கூட்டிட்டு வாங்க" என்றார் ஹாலாஸ்யம்.

ஆனிமேரியின் முகம் மலர்ந்தது. கையில் போனை எடுத்தார்.

"உங்களைத் தப்பா நினைச்சுட்டேன் மேடம். இப்பவே ஓ.டி.பி. அனுப்பச் சொல்லுங்க, சொல்லிர்றேன்."

"ஐயோ, சொல்லிடாதீங்க!" சாருலதா அவசரமாகத் தடுத்தாள். "இவங்க வேலை முடியற வரைக்கும், நானே வந்து கேட்டாலும் சொல்லாதீங்க."