பனி தேசத்து விருந்தாளி

மழைக்காலத்தில் பனி தேசத்திலிருந்து வந்து இறங்கிய வாலாட்டிக் குருவிக்கு அந்தத் தெரு நாய்களை ரொம்பப் பிடித்துப்போயிற்று. டீக்கடை வாசலில் அவற்றின் கால்களுக்கு நடுவே ஓடியாடிப் பூச்சி பிடிக்கும். தெருவுக்கே பெரியவனான செவலை நாய், தனக்கு விழுந்த பன்னில் கொஞ்சம் உதிர்த்து வைத்துவிட்டு நகர்ந்துகொள்ளும். "எங்கிருந்தோ வந்த என்னை இப்படித் தாங்குகிறார்களே!" என்று குருவி பூரித்துப்போகும்.

அன்று விடிந்ததிலிருந்து அடைமழை. பக்கத்துத் தெருவில் சாக்கடை பொங்கிவிட்டது. அங்கிருந்த ஒரு பெட்டை நாய், வாயில் குட்டியைக் கவ்விக்கொண்டு இந்தத் தெருவுக்குள் நுழைந்தது. முனையில் இருந்த டிரான்ஸ்பார்மரைத் தாண்டியதுதான் தாமதம், எல்லா நாய்களும் சேர்ந்து அதன்மேல் பாய்ந்தன. வாயில் குட்டி இருந்ததால் அதனால் திருப்பிக் குரைக்கக்கூட முடியவில்லை. வந்த வழியே தண்ணீருக்குள் இறங்கிப் போயிற்று.

குருவிக்கு மனசு ஆறவில்லை.

"அண்ணே, அது பக்கத்துத் தெருதானே? நான் எத்தனையோ மலை தாண்டி வந்தவ. என்னைப் பார்த்து ஒருநாள்கூட நீங்க குரைக்கலையே?"

செவலை உடம்பை உதறிவிட்டு, டீக்கடைப் பெஞ்சுக்கு அடியில் காய்ந்த மண்ணில் படுத்தது. அங்கே இன்னும் ரெண்டு நாய் படுக்க இடம் மிச்சமிருந்தது.

"நீ வெயில் காலம் வந்தா உன் ஊருக்குக் கிளம்பிடுவே, தங்கச்சி," என்றது. "அது இங்கேயே இருந்துடும்."