அடுத்த கடையில் சும்மா போடுதான்

"தம்பி, இந்த லேப்டாப்புல வேர்டு போட்டுக் கொடு," என்றார் பெரியவர்.

மேலப்பாளையத்தில் சல்மான் ஃபாரிஸ் கம்ப்யூட்டர் கடை திறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

"வேர்டு காசு கொடுத்து வாங்கணும், அண்ணாச்சி."

"அடுத்த கடையில சும்மா போடுதானே?"

"அது திருட்டு நகல். நமக்கு ஹராம். விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸும், வேர்டுக்குப் பதிலா லிப்ரே ஆபீஸும் போட்டுத் தாரேன். செஞ்சவங்களே எல்லாருக்கும் சும்மா கொடுக்காங்க."

"எனக்கு வேர்டுதான் வேணும். போட்டா, என் ஜவுளிக்கடை கம்ப்யூட்டர் வேலை அத்தனையும் உனக்குத்தான். இல்லன்னா அடுத்த கடைக்குப் போறேன்."

அவ்வளவு பெரிய வேலை இதுவரை வந்ததில்லை. சல்மான் கொஞ்சம் தயங்கினான். பிறகு லேப்டாப்பை எடுத்து அவரிடமே நீட்டினான்.

"போய்ட்டு வாங்க, அண்ணாச்சி."

பெரியவர் சிரித்துக்கொண்டே போனை எடுத்தார். "ஏளா அஃப்ரா, பையன் போட மாட்டேங்குதான்!"

சல்மானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன வாரம் உம்மா கல்யாணப் பேச்சோடு காட்டிய போட்டோவில் இருந்த பெண்ணின் பெயர் அது.

"எம் மகதான் அனுப்புனா. 'திருட்டு வேர்டு கேளுங்க வாப்பா, போட்டுக் கொடுத்தா அந்த மாப்பிள்ளை வேண்டாம்'னுட்டா. வெள்ளிக்கிழமை உம்மாவோட வீட்டுக்கு வா."

சல்மான் வெட்கத்துடன் லேப்டாப்பைத் திரும்ப வாங்கினான்.

"அப்ப லிப்ரே ஆபீஸ் போட்டுரவா, மாமா?"

"திறந்து பாருலே. அவ லேப்டாப்புதான், எப்பவோ போட்டுட்டா!"