மாப்பிள்ளை சுஷி சாப்பிட்ட அழகு

“சோத்தை நனைக்காதீங்க. கவுத்துப் பிடிச்சு, மீனை மட்டும் லேசா தொட்டுக்கோங்க,” என்று அயனோ அடிக்குரலில் சொன்னாள்.

“அப்படியா?” என்ற குரோகி, சோற்றுப் பிடிமேல் மீன் வைத்த அந்த சுஷியை அப்படியே சோயா சாஸில் முக்கினான். சோறு பொலபொலவென்று உதிர்ந்து கிண்ணத்தில் மிதந்தது.

அவனைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது. இத்தனைக்கும் இந்த வரன் தட்டிப் போகாதா என்று தவித்துக்கொண்டிருந்தவள் அவள்தான். படகு மெக்கானிக் ரியோஹெய்யைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அழுதும் பார்த்துவிட்டாள். அப்பா மசியவில்லை. தோயாமாவிலிருந்து வரும் குரோகியை, கனசாவாவில் தன் வாடிக்கைக் கடையிலேயே பார்த்துப் பேசி, கையோடு நாள் குறித்துவிடுவதாகச் சொல்லி அவளைக் கூட்டி வந்திருந்தார்.

குரோகி காரமான வசாபி விழுதை சாஸில் கொட்டிக் கூழாகக் குழப்பினான். கணவாய் சுஷியில் பாதியைக் கடித்து மீதியைத் தட்டில் வைத்தான். போதாக்குறைக்கு, “மீன் புதுசுதானே?” என்று எதிரே சுஷி பிடித்துக்கொண்டிருந்த கடை மாஸ்டரையே கேட்டான். மாஸ்டர் கத்தியைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டார்.

“நல்ல பசி போல,” என்றார் அப்பா, பல்லைக் கடித்துக்கொண்டு.

“ஆமா சார். நீங்களும் சாப்பிடுங்க, பிடிங்க!” என்று குரோகி தன் குச்சியிலிருந்த சூரை மீனை அப்பாவின் குச்சிக்கு நீட்டினான்.

அப்பா துள்ளி எழுந்தார். அவர்கள் வழக்கத்தில் குச்சிக்குக் குச்சி மாற்றுவது, பிணம் எரித்து எலும்பு பொறுக்கும்போது மட்டும்தான்.

“நான் இன்னும் சாகலை தம்பி! அயனோ, கிளம்பு. இவனுக்கு அந்த மெக்கானிக்கே தேவலை!”

விறுவிறுவென்று வெளியேறியவருக்குத் தெருமுனையில்தான் தொப்பி ஞாபகம் வந்தது. அயனோ ஓடிவந்து கடைக் கதவைத் திறந்தாள்.

உள்ளே குரோகி ஒரு சுஷியை விரலால் எடுத்து, கவிழ்த்து, மீன் ஓரத்தை மட்டும் சாஸில் ஒற்றி, ஒரே வாயில் போட்டுக்கொண்டான். ஒரு பருக்கை சிந்தவில்லை.

“உங்க கடையில வந்து இப்படி அசிங்கம் பண்ணிட்டேன். மன்னிச்சிடுங்க மாஸ்டர்,” என்று தலை குனிந்து வணங்கியவன், அவளைப் பார்த்ததும் தொப்பியை எடுத்து நீட்டினான்.

“காலைல ரயிலை விட்டு இறங்கினதும் உங்களைப் பார்த்தேங்க. போட்டோல பார்த்த முகமாச்சேன்னு நின்னேன். ஒருத்தர் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டிருந்தீங்க.”

அயனோ தொப்பியை வாங்கிக்கொண்டாள்.

“அப்பா மனசு மாறுறதுக்குள்ள அவரைக் கூட்டிட்டு வாங்க. ஆமா, அவருக்காவது சுஷி ஒழுங்கா சாப்பிடத் தெரியும்ல?”