முற்றல் வெண்டைக்காய்

வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்தார். ஒடியவில்லை. வளைந்தது.

பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்தது பட்டென்று ஒடிந்தது. இளசு. அதைக் குவியலிலேயே திரும்ப வைத்துவிட்டார்.

அம்பாசமுத்திரம் சந்தையில் பேச்சித்தாய் காய் விற்க வந்து முப்பது வருஷம் ஆகிறது. பிஞ்சைப் பொறுக்கிவிட்டு முற்றலை விட்டுவிட்டுப் போகிறவர்களோடு மல்லுக்கட்டியே தொண்டை போனவள். முற்றலைத் தேடித் தேடி எடுக்கிற மனுஷரை இந்த ஐந்து நாளாகத்தான் பார்க்கிறாள்.

“அண்ணாச்சி, அது மாட்டுக்குத்தான் ஆவும். இன்னைக்கு வந்த பிஞ்சு இந்தா கெடக்கு.”

“இருக்கட்டும் தாயி. இதையே நிறுத்துத் தா.”

பேச்சித்தாய் அவர் முகத்தைப் பார்த்தாள். நிறுத்துப் போட்டாள்.

சித்திரை மாதம். சந்தை முழுக்க மாம்பழ வாசனை. நுங்கு சீவுகிறார்கள். வெள்ளரிப் பிஞ்சு பச்சைப் பசேலென்று குவிந்து கிடக்கிறது. இத்தனையையும் கண்ணில் படாததுபோலக் கடந்து போவது என்ன பாடு!

அவர் பெண்டாட்டி கோமு வாயைத் திறந்து நாற்பத்து மூன்று நாளாகிறது.

மாசியில் பைக்கில் போன மகன், துணி சுற்றி வந்தான். ஒரே மகன். அன்றைக்குத் தெருவே நடுங்கும்படி அழுதாள். ஆற்றில் சாம்பலைக் கரைத்துவிட்டு வந்த பிறகு வாயை மூடியவள்தான். சமைக்கிறாள். துவைக்கிறாள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள். பேச்சு மட்டும் இல்லை.

டாக்டரிடம் கூட்டிப் போனார். கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டினார். அவள் தங்கச்சி வந்து பத்து நாள் இருந்து, அழுது பார்த்துவிட்டுப் போனாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

அப்பேர்ப்பட்ட வாய் அது! ஒரு சொத்தைக் கத்தரிக்காய்க்கு அரை மணி நேரம் பேசும். “கண்ணப் பொடதியில வச்சிக்கிட்டா போனீய? உங்க தலையில கட்டுததுக்குன்னே எடுத்து வச்சிருந்தாளாக்கும்.” பாதி நறுக்கிய புடலங்காயோடு அவரைச் சந்தைக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். அவரும் வெட்கமில்லாமல் போயிருக்கிறார்.

காய், பழம் என்றால் அவளுக்கு ஒரு கிறுக்கு. மார்கழி பிறந்தால் சிறுகிழங்கு வந்தாக வேண்டும். சித்திரையில் மாம்பழத்தைக் காம்புப் பக்கம் மோந்து பார்த்து, இது நாளைக்கு, இது வெள்ளிக்கிழமைக்கு என்று பிரித்து வைப்பாள். சொன்ன நாளில் பழுக்கும்.

ஆறு நாளுக்கு முன்னால் ஏதோ நினைப்பில் கத்தரிக்காயை அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். அரிவாள்மணையில் முதல் காயைப் பிளந்தாள். உள்ளே புழு.

கோமுவின் புருவம் ஒரு நூல் அளவு ஏறியது.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இதோ, இதோ, ஆரம்பிக்கப் போகிறாள்!

அவள் புழுவைத் தட்டிவிட்டு, நல்ல பக்கத்தை நறுக்கினாள்.

அந்த ஒரு நூல் போதாதா? மறுநாளே முற்றின புடலங்காய் வாங்கினார். அதற்கு அடுத்த நாள் கல் வைத்துப் பழுக்கவைத்த மாம்பழம். மேலே மஞ்சள், உள்ளே புளி. பிறகு வாடிப்போன கீரை. நேற்று, ஊரே மாம்பழம் தின்கிற சித்திரையில், மெழுகு பூசி ஸ்டிக்கர் ஒட்டின ஆப்பிள். பழைய கோமுவாக இருந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் பறந்திருக்கும்.

ஸ்டிக்கரைக்கூட உரிக்காமல் நறுக்கித் தட்டில் வைத்தாள். தன் பங்கைத் தின்றாள்.

ஸ்டிக்கரையும் சேர்த்தேதான் தின்றாள்.

இன்றைக்கு வெண்டைக்காயைக் கொட்டிவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார்.

திட்டுடி. ஒரே ஒரு தரம் திட்டு. செவிடன் என்று சொல்லு, குருடன் என்று சொல்லு. என்னை வீட்டை விட்டுத் துரத்து.

மனசுக்குள்தான் கெஞ்சினார்.

காய் அரிவாள்மணையில் இறங்க மாட்டேன் என்றது. அவள் அழுத்தி நறுக்கினாள். விதை தெறித்தது. வதக்கினாள். அவருக்குச் சோறு போட்டு, ஓரமாக வெண்டைக்காயை வைத்தாள். அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

அவ்வளவுதான். இதுவும் போயிற்று. இனி என்னத்தை வாங்குவது? சந்தையில் இதைவிட மோசமாக என்ன இருக்கிறது?

பிசைந்து வாயில் போட்டார். நார். மென்றார். நார்தான் மிஞ்சியது. விழுங்கப் பார்த்தார், தொண்டையில் பாதி போய் நின்றது. இருமினார். மறுபடி மென்றார். அழுகை வந்துவிட்டது. ஐம்பத்தாறு வயசு மனுஷர், வாய் நிறைய நாரை வைத்துக்கொண்டு சத்தமாக அழுதார்.

சேலை உரசும் சத்தம் கேட்டது.

கோமு முன்னால் குந்தியிருந்தாள். உள்ளங்கையைக் குழித்து, அவர் மோவாய்க்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்தாள்.

“துப்புங்க.”

கரகரத்த குரல். யாருடையதோ போல இருந்தது.

அவர் துப்பவில்லை. இன்னொரு தரம் சொல்லட்டும் என்று, அவள் முகத்தையே பார்த்தபடி மென்றுகொண்டிருந்தார்.