பாஸ்டனுக்கு மூன்று பேர்

தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே மருமகள் சொன்னாள்.

"அத்தை, பாப்பாவை இந்தக் குளிர்ல பாஸ்டனுக்குக் கூட்டிட்டுப் போகவேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க. உங்களுக்கும் குளிர் ஒத்துக்காதாமே. மாமா சொன்னாங்க."

பரிமாறிக்கொண்டிருந்த மாமியார் கையில் ரசக் கரண்டி இருந்தது.

மாமா சொன்னாங்களா?

திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

நல்லா இருக்கே கதை! குளிர் ஒத்துக்கொள்ளாதது யாருக்கு? நியூஜெர்சிக்கு வந்ததிலிருந்து, பனி விழுந்தால் போர்வையை விட்டு வெளியே வராதவர் யார்? அவளோ காலுறைமேல் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் பனியைத் தள்ளிவிட்டு வந்தவள். ஒரு தும்மல்கூடப் போட்டதில்லை.

"நீ கஷ்டப்படுவேன்னு அப்பா சொன்னாரும்மா," என்றான் மகன் நாவரசு. "சம்மர்ல இன்னொரு தடவை போலாம்."

சம்மரில் அவள் அருப்புக்கோட்டையில் இருப்பாள். டிக்கெட் போட்டவனே அவன்தான்.

இந்தப் பயணத் திட்டமே அவள் போட்டது. "நீதான் ஹிஸ்டரி டீச்சர், எங்கெங்க போகணும்னு நீயே சொல்லும்மா" என்று அவன் கேட்ட நாளிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. குளிர்காலத்தில் அங்கே சாயங்காலம் ஆவதற்குள் இருட்டிவிடுமாம். அதனால் துறைமுகம்தான் முதலில். அப்புறம், கோபுரத்தில் விளக்கேற்றிச் சேதி சொன்னார்களே, அந்தத் தேவாலயம். நடைபாதையில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்களாம். அதைப் பிடித்துக்கொண்டே நடந்தால் போதும், எல்லாம் வந்துவிடும். சாப்பாட்டு மேசையில் தினமும் இதே பேச்சு. அவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அந்தத் துறைமுகத்தை அவள் வருஷா வருஷம் ஒன்பதாம் வகுப்புக் கரும்பலகையில் வரைந்திருக்கிறாள். பாய்மரக் கப்பல். பெட்டி பெட்டியாகத் தேயிலை.

"தேநீர் விருந்துன்னு புத்தகத்துல போட்டிருக்கேன்னு, பஜ்ஜி கெடைக்கும்னு நெனைக்காதீங்கடி."

வகுப்பே சிரிக்கும்.

அந்தத் தண்ணீரை ஒரே ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும். அதுதான் ஆசை. அதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அவரைத் தவிர. விமானத்தில் வரும்போது அவர் காதருகில் சொன்னாள்.

இப்போதுகூட ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. "அவ போகட்டும், நான் இருக்கேன்" என்று ஒரு வார்த்தை போதும். அதுகூட வேண்டாம். "நானும் இவகூட இருந்துக்கறேன்" என்றால் போதும், மனசு ஆறிவிடும்.

அவர் தட்டை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து."

ஊற்றினாள்.

மாட்டேன் என்று சொல்லலாம்தான். சொன்னால் மருமகளும் கிளம்பமாட்டாள். பிள்ளை பெற்றதிலிருந்து வீட்டைவிட்டு அசையாத பெண். இப்போதுதான் முகத்தில் களை வந்திருக்கிறது. அவள்மேல் என்ன கோபம்? கோபமெல்லாம் அப்பளம் தின்கிறவர்மேல்தான்.

பாத்திரம் கழுவும்போது அவராகவே பக்கத்தில் வந்து நின்றார்.

"எனக்கு எப்பங்க குளிர் ஒத்துக்காம போச்சு?"

"யாராவது ஒருத்தர் இருக்கணும்ல? நான் இருந்தா பாப்பா அழுதே ஊரைக் கூட்டிரும்." குரலைத் தணித்தார். "அதுவும் போக, நீதான் அதையெல்லாம் படிச்சே பாத்தாச்சே. நான் எங்க பாத்தேன்?"

படிச்சே பாத்தாச்சு.

அவள் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டாள். அந்தச் சத்தத்தில் கொஞ்சம் அழ முடிந்தது.

சனிக்கிழமை காலையில் மூன்று பேருக்குப் புளியோதரை கட்டிக்கொடுத்தாள். அவருடைய மாத்திரை, மஃப்ளர், குரங்குக் குல்லா எல்லாம் எடுத்துவைத்தாள். கை பாட்டுக்குச் செய்தது. மனசு கூட வரவில்லை.

மகனும் மருமகளும் காரில் ஏறிவிட்டார்கள். குழந்தை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. அவர் வாசலில் குனிந்து, மூச்சு வாங்க பூட்ஸை மாட்டினார்.

"ஏம்மா, அந்தத் தேயிலையைக் கடல்ல ஏன் கொட்டினாங்க? சுருக்கமா ஒரு தடவை சொல்லு. அங்க போய்ப் பசங்க முன்னாடி நான் முழிக்கக் கூடாதுல்ல."

வாய்வரைக்கும் வந்துவிட்டது. வரி, கம்பெனி, கப்பல்கள், வேஷம் போட்டுக்கொண்டு ஏறிய ஆட்கள், எல்லாம் வரிசையாக.

"மறந்துபோச்சுங்க," என்றாள்.

சிரிப்பார் என்று நினைத்தாள். யாருகிட்ட கதை விடுறே என்பார். கோபமா என்றாவது கேட்பார். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடலாம். காத்திருந்தாள்.

"வயசாகுதுல்ல," என்றார் அவர். "சரி விடு, நாவரசு போன்ல பாத்துச் சொல்லிருவான்."

கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

கார் தெருமுனை திரும்பிய பிறகும் அவள் கதவருகிலேயே நின்றாள்.

மனுஷன் நம்பிவிட்டார்.