நோர்தம்பிரியாவின் ஒற்றைக் கை

ஸ்காபரோ நூலகத்து முதியோர் வரலாற்று வட்டத்தில் இது கை தூக்கி வாக்களிக்கும் நேரம். ஆங்கிலோ-சாக்சன் காலத்துப் பாட்டை நிறைவு விழாவில் எந்த ராச்சியத்துப் பேச்சில் வாசிப்பது? வடக்கே நோர்தம்பிரியாவா, தெற்கே வெசெக்ஸா? விட்பியிலிருந்து வரும் குகதாசன், ஊர் அணில்களே திருப்பிச் சொல்லுமளவுக்கு நோர்தம்பிரியப் பேச்சில் பாட்டை மனப்பாடமாக்கி வைத்திருக்கிறார். தோற்றால் மேடை இல்லை. சன்னல் முழுக்கப் பனி வெளிச்சம். பக்கத்தில் யாழ்ப்பாணத்துக் கூட்டாளி யோகநாதன். "வடக்கான் வடக்குக்குத்தானே தூக்குவான், என்ன யோகு?" என்றபடி பிளாஸ்கிலிருந்து இஞ்சித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிறார் குகதாசன். "ஓமோம்" என்கிறார் யோகு, கண் சுவரில் தொங்கும் பழைய ராச்சியங்களின் வரைபடத்தில். "நோர்தம்பிரியா?" என்று கேட்கிறார் வட்டத்தை நடத்தும் மார்கரெட். குகதாசனின் கை கூரையைப் பிய்க்கப் போகிறது. வேறு கையே இல்லை. யோகுவின் கையில் கப் இருக்கிறது, பாவம், எப்படித் தூக்குவது என்று மன்னிக்கிறார். "வெசெக்ஸ்?" கைகள் காடாய் எழுகின்றன. நடுவில், ஆவி பறக்கும் கப்போடு யோகுவின் கை. "எட யோகு!" "குளிர்காலம் முழுக்க உன்ரை பாட்டைப் போனிலை கேட்டிட்டன், மச்சான். இனி ஏலாது." கப் உயரத்திலேயே நிற்கிறது. ஒரு சொட்டும் சிந்தவில்லை.