ஒன்றாம் நம்பர் மோட்டார்

ஆலையில் ஓடுகிற அத்தனை மெஷினையும் இரண்டு நிமிடம் நிறுத்தச் சொல்லிவிட்டாள் எழில்மொழி.

அவள் அப்பா செங்குட்டுவன் அய்யா இறந்து முப்பதாம் நாள். படத்திறப்பு. திருவொற்றியூரில் பாதிப் பேர் வீட்டில் உலை கொதிக்கவைத்த மனுஷனுக்கு மௌன அஞ்சலி என்றால், நாம் மட்டும் வாயை மூடினால் போதுமா, மெஷினும் மூட வேண்டாமா என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

ஃபோர்மேன் கருணாகரனுக்கு மட்டும் முகம் செத்துப்போனது.

"எல்லாத்தையும் நிறுத்திக்கலாம்மா. ஒண்ணாம் நம்பர் மோட்டார மட்டும் வுட்டுடுங்க. அது அய்யாவோட ராசி."

அந்த மோட்டாரின் சங்கதி ஆலையில் எல்லோருக்கும் தெரியும். பெல்ட்டைக் கழற்றிப் பத்து வருஷம் ஆகிறது. எண்ணெயை ஏற்றவும் ஏற்றாது, இறக்கவும் இறக்காது. மாமியார் வீட்டு மாப்பிள்ளை மாதிரி சும்மாவே சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்.

கரண்ட் போனால் ஆபீஸில் ஃபேன் நின்றுவிடும். அது நிற்காது. அதற்கென்று தனி ஜெனரேட்டர்.

ஆயுதபூஜைக்கு அரிவாள்மனைகூட ஓய்வெடுக்கும். அய்யா மட்டும், ஓடுகிற மோட்டாருக்கே தன் கையால் சந்தனம் வைப்பார். மதியச் சாப்பாடும் அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டுத்தான். பெரிய மனுஷனுக்கு ஒரு கிறுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று யாரும் கேட்டதில்லை.

யார் கேட்பார்கள்? சடையங்குப்பத்தில் வெள்ளம் வந்தால் இடுப்பளவு தண்ணீரில் பால் பாக்கெட்டோடு முதலில் இறங்குகிற முதலாளி. ராயபுரத்தில் அவர் கட்டிய டயாலிசிஸ் சென்டரால் உயிரோடு இருப்பவர்கள் மட்டும் இன்று இரண்டு வேனில் வந்திருந்தார்கள்.

அவர் ஸ்டூல் போடும் இடத்திலேயே, மோட்டாருக்குப் பின்னால் சுவரில், படம் மாட்டியாயிற்று. கூட்டம் நிஜமாகவே அழுதது.

முன்வரிசையில் நின்ற கேன்டீன் மங்கை எல்லோரையும்விட அதிகமாக அழுதாள். அழுவதற்கு அவளுக்கு உரிமை உண்டு.

அவள் புருஷன் ஜெயவேல் இதே ஆலையில் எண்ணெய்த் தொட்டி கழுவுகிற ஆள். இருபத்துமூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் வேலைக்குப் போனவன் வீடு திரும்பவில்லை. கூலி வாங்கிக்கொண்டு எவளோ ஒருத்தியோடு கும்மிடிப்பூண்டி ரயில் ஏறிவிட்டான் என்று கருணாகரன்தான் வந்து சொன்னார். மங்கை அப்போது நிறைமாசம்.

நாலாம் நாளே அய்யா ஆளனுப்பி அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டார். வீடு கொடுத்தார். பிறந்த பெண்ணை நர்ஸுக்குப் படிக்கவைத்தார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் மங்கை இரண்டு காரியம் செய்வாள். அய்யா நல்லா இருக்கணும் என்று கும்பிடுவாள். ஓடிப்போனவன் நாசமாய்ப் போகணும் என்று மண்ணை வாரித் தூற்றுவாள். நான் என்ன குறை வைத்தேன் என்ற ஒரே கேள்விக்குத்தான் இருபத்துமூன்று வருஷமாக அவளுக்குப் பதில் கிடைக்கவில்லை.

எழில்மொழி கையைக் காட்டினாள். ஒவ்வொரு மெஷினாக அடங்கியது. கடைசியாக, கருணாகரன் நகராமல் நின்றதால் அவளே போய் ஒன்றாம் நம்பரின் சுவிட்சை இறக்கினாள்.

எண்ணூர் நெடுஞ்சாலை லாரிச் சத்தம் கேட்டது. அதற்கும் பின்னால் கடல் கேட்டது. ஆலைக்குள் நின்று யாரும் கடலைக் கேட்டதே இல்லை. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

டொக் டொக். டொக்.

மோட்டார் மேடைக்கு அடியிலிருந்து.

பூனையோ எலியோ என்று யாரோ கிசுகிசுத்தார்கள். கொஞ்சம் விட்டு, மறுபடியும் அதே இரண்டு, அதே ஒன்று. எழில்மொழி கண்ணைத் திறந்து தன் காலடியைப் பார்த்தாள்.

மங்கை தலையை நிமிர்த்தினாள். ஷிஃப்ட் முடிந்து வரும்போது ஜெயவேல் தகரக் கதவை அப்படித்தான் தட்டுவான். நான்தான், பயப்படாதே என்று அர்த்தம்.

கருணாகரனைப் பார்த்தாள். ஊரே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் மட்டும் சுவிட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இது புதுச் சத்தம் இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

இரண்டு நிமிடம் முடிய இன்னும் பாதி இருந்தது. அவர் கை சுவிட்சுக்குப் போனது. மங்கை அதைப் பிடித்துக்கொண்டாள்.

"இருண்ணா. எங்க வூட்டுக்காரு கூப்ட்டுகினு கீறாரு."

அவர் கையை இறக்கிக்கொண்டார். மங்கை மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிமெண்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். சில்லென்று இருந்தது. அவன் ஓடிப்போகவில்லை. அந்தச் சந்தோஷத்தை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

மௌனம் முடிந்ததும் மைக்கில் பேச வேண்டியதை அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கதை. பழைய எண்ணெய்த் தொட்டி ஒன்றை அவசரமாக மூடி, இதே மோட்டாருக்கு மேடை போட்டார்கள். அவளுக்குச் சித்தாள் வேலை. நிறைமாச வயிற்றோடு கலவை சுமப்பதைப் பார்த்த அய்யா ஓடிவந்தார். வேண்டாம்மா, நீ கொட்டாதே என்று கையெடுத்துக் கும்பிட்டு, கலவைப் பாண்டை அவள் தலையிலிருந்து தானே வாங்கிக்கொண்டு அழுதார்.

அவர் வருவதற்குள் அவள் எட்டுப் பாண்டு கொட்டியிருந்தாள்.